இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு டியூப் ரத்தத்தைக் கொன்றவன் நான். ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த ரத்தம். வெளியே வெயில் கொளுத்துகிறதே, கெட்டுப்போகுமே என்று நல்லெண்ணத்தில் அதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். மதியம் வெள்ளை அணுக்களைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. எங்கள் லேப் தலைவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இன்னா டேனியல், பாலுன்னு நெனச்சிட்டியா? இது உயிரோட இருக்கணும்யா. கொடுத்தவங்க திரும்ப ஒரு வாட்டி பஸ் ஏறி வரணும், உன்னால."

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் திசு டைப்பிங் லேப் அது, ஒருவர் உறுப்பு இன்னொருவர் உடம்புக்குச் சேருமா என்று பார்க்கிற இடம். எண்பதுகளின் தொடக்கம். இப்போது மிஷின் செய்கிற வேலையை அப்போது கையால் செய்தோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டிரே. அதில் அறுபது குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டுகூட வராத அளவுக்கு சீரம். அந்த சீரம் கடையில் கிடைக்காது. நாலைந்து பிள்ளை பெற்ற அம்மாக்களின் ரத்தத்தில்தான் கிடைக்கும் என்பதால், பிரசவ வார்டுக்குப் போய்க் கெஞ்சி வாங்கி வருவோம். அதன்மேல் நோயாளியின் அணுக்கள், அதன்மேல் முயலின் சீரம், கடைசியில் சிவப்புச் சாயம். உயிரோடு இருக்கிற அணு பளபளவென்று நிற்கும், செத்தது சாயம் ஏறி மங்கிவிடும். எந்தெந்தக் குழியில் செத்தது என்று பார்த்து ஆளின் டைப்பைச் சொல்ல வேண்டும். கழுத்து வலிக்கு வேறு காரணமே தேவையில்லை.

இந்த வேலையில் மாறாத கணக்கு ஒன்று உண்டு. ஏ, பி என்ற வரிசைகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு செட் நம்பர். ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. கிட்னி மாற்றுகிறவர்களுக்காக ஆரம்பித்த லேப் இது. சேர்ந்து மூன்று வருடம் போனபின் தோல் பிரிவு டாக்டரம்மா எங்களிடம் வேறொரு வேலையைக் கொண்டு வந்தார்.

2. ஆம்பூர் வீடு

டாக்டரம்மா கொண்டு வந்த வியாதியின் பெயர் பெம்ஃபிகஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே சொந்தத் தோலை அந்நியம் என்று நினைத்து அடிக்கும். முதலில் வாயில் புண் வரும். மாதக்கணக்கில் ஆறாது. பிறகு உடம்பெங்கும் தளதளவென்று கொப்புளம் கிளம்பும், உடையும், தோல் உரிந்து வரும். சில டைப் உள்ளவர்களுக்கு இது சற்று அதிகமாக வருகிறது என்று வெளிநாட்டில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். நம் ஜனங்களிடம் எப்படி என்று பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. நோயாளிகளின் வீட்டுக்குப் போய் வம்ச வரைபடம் போட்டு, உறவுக்காரர்களின் ரத்தத்தை எடுத்து, அணுக்கள் சாவதற்குள் லேபுக்குக் கொண்டு வரும் வேலை எனக்கு வந்தது. ஊர் சுற்றுகிற வேலை என்பதால் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன்.

அப்படித்தான் ஆம்பூரில் ராஜாமணியம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு டேனரியில் தோல் காயவைக்கும் யார்டில் வேலை பார்த்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் சேகர், ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தான். வியாதி முற்றியிருந்தபோது துணி ஒட்டிக்கொண்டு தோலோடு வரும் என்று, தினமும் காலையில் வாழையிலை அறுத்து, எண்ணெய் தடவி, அதன்மேல் அம்மாவைப் படுக்கவைத்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவானாம். வார்டில் மூன்று மாதம் இருந்து ஸ்டீராய்டு மாத்திரையில் கொப்புளமெல்லாம் அடங்கி, கறுப்புத் தழும்புகளோடு அவர் வீடு திரும்பியிருந்தார்.

வியாதி அடங்கியது, தெரு அடங்கவில்லை. தொத்து வியாதி என்று ஒரு கூட்டம், தோல் பதனிடுகிற குரோம் தண்ணீரைத் தொட்ட கை இப்படித்தான் ஆகும் என்று இன்னொரு கூட்டம். நான் போன அன்று குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் ராஜாமணியம்மாவின் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளியதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளை கோட் ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினேன்.

"இது தொத்தாதும்மா. தோல் வேலையால வந்ததும் கிடையாது. சில பேருக்குப் பொறக்கும்போதே ரத்தத்துல ஒரு வாகு இருக்குது. அந்த வாகு இருக்கிறவங்கள்ல யாரோ ஒருத்தருக்கு வருது. அவ்ளோதான். நான் இப்ப இவங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கிறேன், பாத்துக்கோங்க."

குடித்தும் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்து உள்ளே உட்கார்ந்தார். ஏதோ சாதித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. அதே பெருமையோடு வரைபடம் போட உட்கார்ந்தேன்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு தங்கலை தம்பி. அப்புறம் இவன்."

இறந்த குழந்தைகளுக்கு இரண்டு அடையாளம் போட்டு, பக்கத்தில் சேகருக்கு ஒரு கட்டம் போட்டு, அம்மாவிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தேன். ராஜாமணியம்மா பொய் சொல்லவில்லை. கோடு இழுத்தது நான். எதிரில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "இவனை நீங்கதான் பெத்தீங்களா" என்று ஒரு அம்மாவிடம் கேட்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை. நாங்கள் நிரப்புகிற ஃபாரத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

ரத்தம் எடுக்கும்போது சேகர் கேட்டான். "ரத்தத்துல இருக்குதுன்னா எனக்கும் இருக்கும் இல்ல சார்?"

"இருக்கலாம். அம்மாகிட்டருந்து பாதி, அப்பாகிட்டருந்து பாதி. அதைப் பாக்கத்தானே இந்த டெஸ்ட்டு."

மணி பார்த்துக்கொண்டே சொன்ன பதில் அது. அன்று இன்னும் இரண்டு வீடு பாக்கி, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

3. சேராத குடும்பம்

ரிசல்ட் வந்தது. அம்மாவின் வரிசைக்குக் கீழே மகனின் வரிசையை எழுதினேன். ஒரு நம்பர்கூட ஒத்துப்போகவில்லை. அம்மாவுக்கு ஏ-யில் 2, 10. மகனுக்கு 1, 11. பி-யிலும் அதே கதை. அப்பா இல்லாவிட்டாலும், அம்மாவின் இரண்டு செட்டில் ஒன்றாவது மகனிடம் இருந்தே ஆக வேண்டும்.

"டியூபை மாத்திட்டே" என்றார் சீஃப். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே நாளில் மூன்று குடும்பம், எல்லா டியூபிலும் என் கையெழுத்து. குடும்பம் சேரவில்லை என்றால் முதலில் உன் கையைச் சந்தேகப்படு என்பது எங்கள் லேப் சட்டம். மறுபடி போய் ரத்தம் எடுத்து வர வேண்டியதுதான்.

ஆம்பூருக்குக் கிளம்புவதற்குள் லேபைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. ஊர் விரிஞ்சிபுரம், பெயர் விஜயா. ராஜாமணியம்மாவின் அண்ணன் மகள், சேகருக்கு முறைப்பெண். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்களாம்.

"ஆம்பூருக்கு வந்து ரத்தம் எடுத்தது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டாரு. அவரு ரத்தத்துலயும் இருக்குதாம், எங்க அத்தை ரத்தம்தானே எனக்கும், அதனால என் ரத்தத்துலயும் இருக்குதாம். ரெண்டும் சேர்ந்தா பொறக்கிற புள்ளைக்குக் கண்டிப்பா வந்துடுமாம். நீங்க சொன்னதா சொல்றாரு."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"இன்னா சொன்னீங்களோ, அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்குது. எங்கப்பாவைக் கேட்டா, அதெல்லாம் ஒண்ணும் வராதும்மான்னு சொல்லிட்டு மூஞ்சைத் திருப்பிக்கிறாரு. ஏன் வராதுன்னு கேட்டா எழுந்து போயிடறாரு." கையைக் கவுன்ட்டர் மேல் நீட்டினாள். "எனக்கும் எடுத்துப் பாருங்க. இருந்தா இருக்கட்டும். அத்தை அதோட வாழலையா? என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லட்டும். டெஸ்ட்டு மேல பழி போடக் கூடாது."

தொத்து வியாதி என்ற பேச்சை நிறுத்த நான் சொன்ன வார்த்தைதான் இந்தப் பெண்ணின் கல்யாணத்தையும் நிறுத்தியிருக்கிறது. ஒரு வாரத்தில் சரியான பதிலோடு வருகிறேன் என்று சொல்லி, ரத்தம் எடுக்காமல் அவளை அனுப்பிவைத்தேன்.

4. இரண்டாம் முறை

மறுநாள் ஆம்பூர் போனேன். வேறு வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு டியூபிலும் பெயரை எழுதி, அதை அவர்களிடமே காட்டி, அதன்பின் ஊசி போட்டேன். சேகர் ரத்தம் கொடுத்துவிட்டு உடனே எழுந்து போய்விட்டான். ராஜாமணியம்மா மட்டும், "போன வாட்டி எடுத்தது பத்தலையா தம்பி?" என்று கேட்டார். டியூப் கெட்டுப்போச்சும்மா என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ரிசல்ட் மாறவில்லை. அதே நம்பர்கள். என் கை தப்பு செய்யவில்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதிதான், வெட்கத்தோடு சொல்கிறேன். அடுத்த நிமிடம்தான் தாளில் இருப்பதன் அர்த்தம் உறைத்தது.

சீஃப் இரண்டு தாள்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடம் கொடுத்தார். "இந்தக் குடும்பத்தை ஸ்டடியிலருந்து எடுத்துடு. காரணம் எழுதாதே. இது அவங்க வீட்டு விஷயம். நமக்கு யாரும் காட்டலை, நாமளா பாத்துட்டோம்."

டாக்டரம்மாவிடம் கல்யாணம் நின்ற கதையையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"டேனியல், அந்த டைப் இருக்கிறவங்களை வரிசையா நிக்க வச்சா, பெரும்பாலானவங்க சாகிற வரைக்கும் ஒரு கொப்புளம்கூட வராம இருப்பாங்க. வாகு வேற, வியாதி வேற. இதைச் சொல்லாம மத்ததை எல்லாம் சொல்லிட்டு வந்திருக்கே. தப்பு என்னோடதும்தான், உனக்கு நான் சொல்லிக் கொடுத்து அனுப்பல. போய் இதைச் சொல்லு. அவனுக்கு அந்த டைப் இல்லைங்கிறது நிஜம், அதையும் சொல்லு. ஏன் இல்லைன்னு மட்டும் வாயைத் திறக்காதே."

யோசித்துப் பார்த்தால் அது போதும் என்றுதான் எனக்கும் பட்டது. அம்மாவிடம் இரண்டு செட் இருக்கிறது. வியாதிக்கான வாகு என்று நாங்கள் சந்தேகப்பட்டது அதில் ஒன்றைத்தான். தனக்கு இன்னொன்றுதான் வந்திருக்கிறது என்று அவனே நினைத்துக்கொள்வான். பொய் சொல்ல வேண்டியதில்லை. தாளைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

ராஜாமணியம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தார். மாத்திரையால் முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓரமாக அழைத்துப் போனார்.

"மறுபடியும் ரத்தம் எடுக்க வந்தீங்களே தம்பி, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. மாட்டிக்கினேன்னு."

அவரே சொன்னார். அவர் கணவரின் தங்கை ஒடுகத்தூரில் பிரசவத்தில் போய்விட்டாள். பெற்றவன் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு பெங்களூர் பக்கம் போனவன் திரும்பவே இல்லை. பதினெட்டு நாள் குழந்தையை இவர் கையில் எடுத்தார். தன் குழந்தைகள் இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்திருந்த கை. ஊரில் யாராவது ஒருநாள் பையனிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து கணவனும் மனைவியும் ஆம்பூருக்கே வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்களில் தொடர்பு விடாமல் இருந்தவர் அவருடைய அண்ணன், விஜயாவின் அப்பா, ஒருவர்தான். அவரும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்.

"இருபத்தி நாலு வருசம் இங்க ஒருத்தருக்கும் தெரியலை. ஒரு ஊசி போட்டுக் கண்டுபிடிச்சிட்டீங்க."

"நான் சொல்ல மாட்டேம்மா. அவருக்கு அந்த டைப் இல்லைன்னு மட்டும்தான் சொல்லப் போறேன். அது நிஜம்."

"அது போதுமா?"

"போதும்மா."

போதவில்லை. சேகர் வீட்டில்தான் இருந்தான். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வாகு வேறு, வியாதி வேறு. விஜயாவுக்கு அந்த வாகு இருந்தாலும் பயமில்லை, பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த வாகு வந்தாலும் பயமில்லை. கடைசியில், "உங்ககிட்ட அந்த டைப்பே இல்லை சேகர்" என்றேன். அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் சுருங்கிவிட்டது.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க சார். அம்மாவுக்கு வாய்ப்புண் வந்தப்ப மூணு டாக்டருங்க ஒண்ணுமில்ல, வயித்துச் சூடுன்னாங்க. ஆறு மாசம் போச்சு. அப்புறம் தோலெல்லாம் உரிஞ்சுது. பேச்சு வேணாம். பேப்பரைக் காட்டுங்க."

என் கை பை மேலேயே இருந்தது. கட்டிங் வேலை பார்க்கிறவன் அவன். ஒரு முழுத் தோலில் எங்கே பழுது என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிற கண். இரண்டு வரிசை நம்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாதி அம்மா, பாதி அப்பா என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

"பாத்தீங்களா, காட்ட மாட்டேங்கிறீங்க. அப்ப இருக்குது. விஜயாகிட்ட சொல்லிடுங்க சார், அவ வேற எடம் பாத்துக்கட்டும்."

"அவரு காட்ட மாட்டாரு சேகரு" என்றார் ராஜாமணியம்மா. குரல் நிதானமாக இருந்தது. "நான்தான் வேணாம்னு சொன்னேன். உனக்கு அது வராது. எனக்கு வந்தது எதுவும் உனக்கு வராது. உன்னை நான் பெக்கலை."

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு சேகர் உட்கார்ந்திருந்தான். ராஜாமணியம்மா என்னிடம் சொன்னதையெல்லாம் அவனிடமும் சொன்னார். பெற்றவளின் பெயரைச் சொன்னார், அவளுக்கும் இவனைப் போலவே நெற்றி அகலம் என்றார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். எல்லாம் முடிந்தபின் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். கண் நிரம்பியிருந்தது.

"அப்ப அம்மாவோடது எனக்கு ஒண்ணுமே வரலையா சார்?"

இத்தனை நாளும் வந்துவிட்டதோ என்று நடுங்கியவன் கேட்ட கேள்வி அது. தாளில் இருந்த பதில் இல்லை என்பதுதான். அந்தத் தாளைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"இருக்குதுன்னு சொன்னா கல்யாணம் வேணாங்கிறே. இல்லைன்னு சொன்னா அழுவறே" என்றார் ராஜாமணியம்மா. அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். "உன்கூட ஒரே பேஜாருடா. மூஞ்சைக் கழுவிக்கினு விரிஞ்சிபுரம் பஸ் ஏறு. அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. என்னால இன்னொரு வாட்டி சொல்ல முடியாது."

அவன் முகம் கழுவினான். ஆனால் பஸ் ஏறப் போகவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைச் சீட்டை எடுத்து, இன்றைக்கு எத்தனை என்று பார்த்துப் பிரித்துக் கொடுத்தான். விழுங்கும்வரை தண்ணீர்ச் செம்போடு நின்றான். அதற்கப்புறம்தான் சட்டை மாட்டினான். வேலூர் போகிற பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். விரிஞ்சிபுரத்தில் அவன் இறங்கிக்கொண்டான்.

6. அதன்பின்

தை மாதக் கல்யாணம் பங்குனி தாண்டி நடந்தது. நானும் டாக்டரம்மாவும் போயிருந்தோம். விஜயா என்னைப் பார்த்து, "சார், கையில ஊசி கீசி எடுத்துக்கினு வரலையே?" என்றாள். சேகர் சிரித்தான். ராஜாமணியம்மாவுக்கு மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்காருகிற இடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மிஷின் டியூபை மாற்றாது, ஃபிரிட்ஜில் வைத்துக் கொல்லாது. ஆனால் வீட்டுக்குள் போய்ப் பேசப்போவது நீங்கள்தான். அந்த வருடத்துக்கப்புறம் நான் கோடு இழுக்கும் முன் அம்மாவைத் தனியாக வைத்துக் கேட்டேன். வாகைப் பற்றிப் பேசினால் அதே மூச்சில் வியாதி வராதவர்களைப் பற்றியும் பேசினேன். ஊசியை எடுக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று சொன்னேன். "இந்த ரத்தம் நாங்க கேக்காததையும் சொல்லிடும். யோசிச்சு, சம்மதம்னா கையை நீட்டுங்க."

பெரும்பாலானவர்கள் நீட்டினார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வீடுகளில் டீ குடித்துவிட்டு, காலி டியூபோடு அடுத்த பஸ்ஸில் வேலூர் திரும்பினேன். போன காரியம் ஆகவில்லை என்று என் நோட்டில் ஒருநாளும் எழுதியதில்லை.